பீரோவில் இருந்த இரண்டு பாட்டில்கள்

இன்று காலை வெள்ளைப் புடவை எடுக்கப் பீரோவைத் திறந்தேன். மேல்தட்டில் அந்தப் பிளாஸ்திரித் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வருவேனா என்கிறது. பாட்டிலில் ஒட்டியிருக்க வேண்டிய நேரத்தில் ஒட்டியிருக்கத் துப்பில்லை, இப்போது மட்டும் என்ன பிடிவாதம்! கோபத்தில் கதவை அறைந்து சாத்தினேன்.

புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் கெடு இன்றோடு முடிகிறது. நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து நாலு மாதம் பத்து நாளாக இந்தச் சுவர்களுக்குள்தான் இருக்கிறேன். கடல் கூப்பிடு தூரம். காற்று திரும்பினால் சத்தம் மட்டும் வருகிறது. கல்யாணமான புதிதில், "நாலு மாசம் தரையே பாக்காம இருந்திருக்கேன் புள்ள, அதுல என்னா இருக்கு?" என்று பெருமையடித்தீர்களே. உங்களுக்கென்ன, பார்க்கக் கடலாவது இருந்தது. எனக்கு இந்தக் கூடம், கொல்லை, உப்புக் கரிக்கிற கிணறு, வாசலில் வந்து இறங்குகிற தண்ணி கேன். போதாதென்று உங்கள் லாத்தாவின் வாய்.

கூடப்பிறந்த அக்கா, தம்பி மேல் உயிர், நான் குறை சொல்லவில்லை. ஆனால் துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் அதே பேச்சு. "என் தம்பி கடைசி மடக்கு ஜம்ஜம் தண்ணி குடிச்சுட்டுத்தான் மௌத்தா போனான். மக்காவுலேருந்து வந்த தண்ணி. இவதான் கையால குடுத்தா. இந்தப் பாக்கியம் யாருக்குக் கெடைக்கும்?" வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போவார்கள்.

நான் கொடுத்தது ஜம்ஜம் இல்லைங்க. உங்கள் ஐஸ் தண்ணீர்.

சரக்குக் கப்பலில் ஆட்களை வேலை வாங்குகிற சாரங்கு நீங்கள். அட்லாண்டிக்கில் போகும்போது கான்வாஸ் வாளியைக் கடலில் இறக்கித் தண்ணீர் மொண்டு தருவீர்களாம். ஆபீசர் அதில் தெர்மாமீட்டரை விட்டுக் கடலின் சூட்டை எழுதிக்கொள்வாராம். "ஒரு வாளி வெதுவெதுன்னு இருக்கும். கொஞ்ச தூரம் போயி இன்னொரு வாளி மொண்டா, கையை வச்சதும் வெடவெடன்னு உதறும். நடுவுல பனிமூட்டம், எதிர ஒண்ணும் தெரியாது. கடலுக்குள்ள ஆறு ஓடுது புள்ள. தெக்கேருந்து ஒண்ணு சூடா வருது, வடக்கேருந்து ஒண்ணு ஜில்லுன்னு வருது." நம்மூர் மீன்காரர்கள் நீவாடு என்பதும் அந்த ஓட்டத்தைத்தான் என்றீர்கள். தை கழிந்தால் நம் கரையோரம் வடக்கே ஓடி, மழைக்காலத்தில் தெற்கே திரும்பிக்கொள்கிறதே, அது. "கரையே இல்லாத ஆறா? எது ஆறு எது கடல்னு யாரு பிரிச்சா?" என்று கேட்டேன். "இந்தக் கைதான்" என்று நீட்டினீர்கள்.

கனடாப் பக்கம் ஒரு துறைமுகத்தில் நின்றிருந்தபோது, வடக்கேயிருந்து அந்தக் குளிர்ந்த ஓட்டம் இழுத்து வந்த பனிப்பாறையின் துண்டுகள் கரையோரம் ஒதுங்கியிருக்கின்றன. ஊர்க்காரர்கள் உடைத்து வீட்டுக்கு எடுத்துப் போனதைப் பார்த்து நீங்களும் ஒரு கட்டியை வாளியில் போட்டு உருக்கி, பாட்டிலில் அடைத்து, காரைக்கால் வரை தூக்கி வந்தீர்கள். மற்ற வீட்டு ஆம்பிளைகள் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டு வந்தார்கள். எனக்கு வாய்த்தது தண்ணீர்!

"கடல்ல மெதந்துச்சே தவிர இது கடல் தண்ணி இல்ல. தரையில பேஞ்ச பனி. ஆயிரக்கணக்கான வருஷம் ஒண்ணு மேல ஒண்ணு அழுந்தி இறுகி, மெள்ள நகந்து வந்து கடல்ல ஒடிஞ்சு விழுவுது. உப்பே இருக்காது. ஒரு மடக்கு குடிச்சுப் பாரேன்."

"அதுல எது செத்துக் கெடந்துச்சோ. நீங்களே குடிங்க."

உங்கள் பாட்டில் கசிந்து பீரோவில் புடவையெல்லாம் நனைந்தது. திட்டிக்கொண்டே, காலியாகக் கிடந்த ஒரு ஜம்ஜம் பாட்டிலில் மாற்றி ஊற்றியது நான்தான். அடையாளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டியதும் நான்தான். பிற்பாடு ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் கொடுத்த ஜம்ஜம் அதே மாதிரி பாட்டிலில் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. வருடத்துக்கு நாலு தடவையாவது கேட்பீர்கள், "குடிச்சுப் பாத்தியா?" என்று. இல்லை என்பேன்.

கிணறு உப்பேறத் தொடங்கிய வருடம் நமக்குள் நடந்த சண்டை நினைவிருக்கிறதா? நோன்பு மாதம். வடக்கே பனி உருகுவதும் ஒரு காரணம் என்றீர்கள். "எங்கயோ ஐஸ் உருகுனா என் கெணத்துக்கு என்ன வந்துச்சு?" என்றேன். மறுநாள் பார்த்தால், சர்பத்துக்கு நான் வைத்திருந்த ஐஸ் தட்டில் என்னைக் கேட்காமல் கேசரிப் பவுடரைக் கலந்து வைத்திருக்கிறீர்கள். இரண்டு கண்ணாடிப் பாத்திரம் எடுத்தீர்கள், ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் உப்பைக் கரைத்த தண்ணீர். நல்ல தண்ணீரில் போட்ட கட்டியிலிருந்து சிவப்பு கோடுகோடாக இறங்கி அடியோடு ஊர்ந்தது. உப்புத் தண்ணீரில் போட்டது இறங்கவே இல்லை, மேலேயே மூடி போட்டதுபோல நின்றது.

"வடக்க கடல் தண்ணி குளுந்து கனமாயி, இந்த மொதப் பாத்திரத்துல மாதிரி அடியில முங்குது. முங்கி, உலகம் பூரா சுத்தி, எங்கயோ போயி மேல வருது. சூடு, மழை எல்லாம் அந்த ஓட்டத்தோட சேந்ததுதான். பனி ரொம்ப உருகுச்சுன்னு வையி, நல்ல தண்ணி இந்த ரெண்டாவதுல மாதிரி மேல மூடிக்கும். முங்க வேண்டியது முங்காது. ஓட்டம் தளந்துபோவும்."

"சேருறது நல்ல தண்ணிதானே? பின்ன என் கெணறு ஏன் உப்பாவுது?"

"கேளு வக்கீலு, அப்படிக் கேளு!" என்று சிரித்தீர்கள். "கெணத்துலயும் நல்ல தண்ணி மேல, உப்பு அடியிலதான். தரையில கெடந்த பனி கடலுக்குப் போனா கடல் ஒசருது, அடியில இருக்குற உப்பை மேல தள்ளுது. அரசலாத்துல காவேரித் தண்ணி ஓடுற வரைக்கும் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். கோடையில ஆறு காஞ்சா கடலு உள்ள வந்துடுது. நாமளும் சும்மாவா இருக்கோம், மோட்டாரைப் போட்டு உறிஞ்சுறோம்." எனக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சர்பத்துக்கு ஐஸ் இல்லாமல் போனதற்கு அன்று முழுக்க உங்களை ஏசினேன்.

ஆஸ்பத்திரியில் இனி வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லி மூன்றாம் நாள், சாயங்கால அசர் தொழுகை முடிந்த நேரம். யாசீன் ஓதிக்கொண்டிருந்த லாத்தா, "ஜம்ஜம் எடுத்துட்டு வா, ஓடு" என்றார். ஓடினேன். முதலில் கையில் பட்டதை எடுத்துவந்து ஒரு ஸ்பூன் விட்டேன். நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள், பாட்டிலைப் பார்த்தீர்கள், திரும்ப என்னைப் பார்த்தீர்கள். பிறகு நீங்களாகவே வாயைத் திறந்தீர்கள். "பாத்தியா, கேட்டு வாங்கிக் குடிக்கிறான்" என்று லாத்தா அழுதார். அந்த இரண்டாவது ஸ்பூன்தான் கடைசி. மிச்சத்தில் பெரும்பகுதியை உங்களைப் பொதிந்த கஃபன் துணியில் லாத்தாவே தெளித்தார்.

எல்லாம் முடிந்து, பாட்டிலை வைக்கப் பீரோவைத் திறக்கிறேன். கழுத்துவரை நிறைந்த ஜம்ஜம் பாட்டில் அங்கேயே நிற்கிறது. பக்கத்தில், தட்டோடு ஒட்டியபடி பிளாஸ்திரி. கையிலிருந்த பாட்டிலின் அடியில் ஒரு மடக்குத் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து இந்த வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நீங்கள் பார்த்த அந்தப் பார்வைதான். ஜம்ஜம்முக்கென்று ஒரு ருசி உண்டு, அது உங்களுக்குத் தெரியும். இதிலுமா கோட்டைவிட்டாய் என்று கேட்டீர்களா? யாரிடம் சொல்வேன்? வெளியே போகாமல் இருப்பதைப் பொறுத்துக்கொண்டேன். அந்தப் பார்வைக்குள் அடைபட்டுக் கிடப்பதைத்தான் தாங்க முடியவில்லை. தொழுகையில் உட்கார்ந்தாலும் பாட்டில்தான் கண் முன்னால் நிற்கிறது.

இன்று மத்தியானம், நாளைக்கு நான் உடுத்தப் புதுப் புடவையோடு லாத்தா வந்தார். பக்கத்து வீட்டுக்காரி வர, மறுபடியும் அதே பாக்கியக் கதை. அவள் போனதும் சொல்லிவிட்டேன்.

"லாத்தா, போதும். அது ஜம்ஜம் இல்ல. பாட்டில் மாறிப்போச்சு. அவங்க கப்பல்லேருந்து கொண்டாந்த ஐஸ் தண்ணி."

தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "யா அல்லா! கஃபன்ல வேற தெளிச்சேனே" என்றார். ஏசுவார் என்றுதான் இருந்தேன்.

"ஜம்ஜம் குடுக்கலேன்னா குத்தமா என்ன? அல்லாவுக்குத் தெரியும்" என்றார். "ஊரு பூரா சொல்லித் தொலைச்சது நான். ஆமா, அந்தத் தண்ணியைக் குடி குடின்னு உன் பின்னாடியே அலைஞ்சானே. அதை நீயே கையில எடுத்துட்டு வந்து நிக்கிற. தெரிஞ்சுதான் நீ குடுக்குறேன்னு நெனச்சிருப்பான் புள்ள. கடைசியில நம்மளை நம்பிட்டாளேன்னுதான் வாயைத் தொறந்திருப்பான்."

"தெரிஞ்சு குடுக்கலையே லாத்தா."

"அதை இனிமே அவன்கிட்ட யாரு போயிச் சொல்றது?"

அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் கப்பலில் இருந்தபோதும் வீட்டில் நடந்த தப்பையெல்லாம் ஒளிக்காமல் எழுதியவள் நான். செய்யாத நல்லதுக்கு உங்களிடம் பேர் வாங்கிக்கொண்டு என்னால் இருக்க முடியாது. அவசரத்தில் மாறித்தான் போனது. மன்னித்துவிடுங்கள். நாளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறார் லாத்தா. போவேன். நீங்கள் என்ன நினைத்துக்கொண்டு போனீர்கள் என்பதும் என் கூடவே வரும், அதை எங்கே இறக்கி வைப்பது?

லாத்தா போன பிறகு, பாட்டிலின் அடியில் கிடந்த அந்த ஒரு மடக்கை டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். இது தெரிந்தே செய்ததுங்க.

உப்பே இல்லை.