மலைக்கு அந்தப் பக்கத்துக் கடல்

சாபாலா, அர்ஜென்டினா
4 நவம்பர் 1996

ஹொராசியோவுக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். தெற்கே எண்ணெய்க் கிணற்றுக் காற்றில் உன் இருமல் எப்படியிருக்கிறது என்று சீரோ கேட்கச் சொன்னான்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் பிள்ளைகளைச் சிலிக்குக் கூட்டிப்போகிறேன். நம் பழைய ரெனோ காரில் மலையைத் தாண்டி, பசிபிக் கரையில் புவெர்த்தோ சாவேத்ராவில் கூடாரம் போட்டு ஒரு வாரம். பஸ் நிலையச் சன்னலில் உட்கார்ந்து இத்தனை வருஷமாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவையாவது நான் போக வேண்டாமா?

பிள்ளைகளுக்கு இன்னும் விருப்பமில்லை. மலேனாவுக்குப் பதினாறு முடிந்துவிட்டது, உனக்கு நினைவிருக்கும். "ஒரு வாரம் முழுக்க உன்கூடவா? அதுவும் ஒரே கூடாரத்துலயா? அதுக்கு நான் ஆஸ்பத்திரில படுத்துக்கிறேன்" என்கிறாள். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஃபப்ரீசியோ என்ற பையனைவிட்டு ஒரு வாரம் பிரிய வேண்டுமே, அதுதான் துக்கம். சீரோ காதில் மாட்டியிருந்த வாக்மேனைக் கழற்றி, "அங்க கரண்ட் இருக்குமா?" என்று கேட்டான். இல்லை என்றேன். திரும்ப மாட்டிக்கொண்டான்.

தகப்பன் சம்மதம் இல்லாமல் சிறு பிள்ளைகளை எல்லையில் விடமாட்டார்கள். அங்கே நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவை.

நில்டா

லாஸ் எராஸ்
19 நவம்பர் 1996

அன்புள்ள நில்டா,

என் இருமலை விடு, எனக்கு உங்களைப் பற்றித்தான் கவலை. நீ கல் ரோட்டில் வண்டி ஓட்டியதே இல்லை. கூடாரத்தை எப்போதும் நான்தான் அடிப்பேன், நீ கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். அந்த வயதுப் பிள்ளைகள் இரண்டையும் வைத்துக்கொண்டு, வேறு நாட்டில், தனியாக ஒரு பெண்பிள்ளை என்ன செய்வாய்?

பிப்ரவரியில் எனக்கு லீவு. நானே வந்து கூட்டிப்போகிறேன். கடலைக் காட்டுவதாகச் சொன்னவன் நான்தானே. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உங்கள் நினைவாகவே இருக்கும்,
ஹொராசியோ

சாபாலா
30 நவம்பர் 1996

ஹொராசியோவுக்கு,

நீ வீட்டைவிட்டுப் போன பிறகு இப்போது வரப்போவது மூன்றாவது பிப்ரவரி. முதல் பிப்ரவரியில் வேலை என்றாய். போன பிப்ரவரியில் அதுவும் சொல்லவில்லை. சீரோ பையைக் கட்டி வைத்துக்கொண்டு மத்தியானத்திலிருந்து இருட்டும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தான். பிறகு தானாகவே உள்ளே வந்து, துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தான். அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன்.

கல் ரோட்டில் ஓட்டியதில்லை என்பது வாஸ்தவம். ஞாயிற்றுக்கிழமைகளில் லாஸ் லாஹாஸ் வரைக்கும் ஓட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் ஆட்டு மந்தைக்கு நடுவில் போய் நின்றேன். இப்போது ஆடுகள் ஒதுங்கிக்கொள்கின்றன.

உன்னிடம் கேட்பது யோசனை இல்லை, கையெழுத்து.

நில்டா

லாஸ் எராஸ்
16 டிசம்பர் 1996

நில்டா,

கையெழுத்து இத்துடன் இருக்கிறது. சீரோ வாசலில் உட்கார்ந்திருந்ததை நீ எழுதியிருக்க வேண்டாம். இல்லை, எழுதியதும் சரிதான்.

ஏற்றத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார். கடற்கரையில் கூடாரத்தின் வாசலைக் காற்றுக்கு எதிராக வைக்காதே. மலேனாவைக் கடலில் தனியாக விடாதே. போய்ச் சேர்ந்ததும் இரண்டு வரி எழுது.

ஹொராசியோ

சாபாலா
27 ஜனவரி 1997

ஹொராசியோவுக்கு,

போனோம், வந்தோம். மூவரும் முழுசாக இருக்கிறோம். இரண்டு வரி கேட்டாய். இரண்டு வரியில் அடங்காது.

புறப்படும்போது மலேனா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் காரில் ஏறினாள். ஃபப்ரீசியோவுக்குப் பிடிக்குமென்று வாங்கிய புது ஜீன்ஸ் கடற்கரைக்கு எதற்கு என்று கேட்டதற்கு அரை நாள் சண்டை. சிலியின் சோதனைச் சாவடியில் எங்கள் சாப்பாட்டுக் கூடையைப் பிரித்தார்கள். ஆப்பிள், பாலாடைக்கட்டி, உப்புக்கண்டம் எதுவும் உள்ளே போகக் கூடாதாம். "குப்பைல போடுங்கம்மா, இல்ல இங்கயே சாப்பிட்டுத் தீத்துடுங்க" என்றார் அதிகாரி. சீரோ கேட்டான், "சாவடி எத்தனை மணிக்கு மூடுவீங்க?"

ஒரு வாரச் சாப்பாட்டை மூன்று பேரும் காரின் முன் மூடியில் உட்கார்ந்து தின்றோம். பின்னால் நின்ற லாரிக்காரர்களுக்கும் கொடுத்தோம். வாயில் ஆப்பிளோடு மலேனா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை மாதமாயிற்று.

அதற்கப்புறம் அந்தப் பழைய ரயில் சுரங்கப்பாதை. ஒரு வண்டிதான் போக முடியும். மேலேயிருந்து தண்ணீர் சொட்டுகிறது, மறுமுனை கண்ணுக்குத் தெரியவில்லை. வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டேன். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. "கண்ணை மட்டும் மூடிக்காத, மத்ததெல்லாம் நீ நல்லாத்தான் ஓட்டுற" என்றாள் மலேனா. சீரோ காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுக் கால்பந்து மைதானத்தில் கத்துவார்களே, அந்தப் பாட்டை ஆரம்பித்தான். மூன்று பேரும் பாடிக்கொண்டே போனோம். வெளிச்சம் வந்தபோது எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

கடலைப் பற்றி அவர்கள் எழுதட்டும். நான் காற்றைப் பற்றி எழுதுகிறேன். மூன்றாம் நாள் மத்தியானம் வடக்கேயிருந்து மழையோடு அடித்தது. மணலில் முளைகள் பிடிக்கவில்லை, ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. கூடாரம் பட்டம்போல எழும்பியது. சீரோ அதன்மேல் குப்புற விழுந்து பிடித்துக்கொண்டான். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் மூட்டை கட்டின. பக்கத்துக் கூடாரத்து ஒர்மேன்யோ அம்மாள், "வாங்க தாயி, பள்ளிக்கூடத்துல படுத்துக்கலாம்" என்று கூப்பிட்டாள்.

நான் தளர்ந்துவிட்டேன். உன் கடிதம்தான் காதில் கேட்டது. "கட்டுங்க, வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன்.

மலேனா என் முன்னால் வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. "வரமாட்டேன்னு அழுதவளை இழுத்துட்டு வந்தது நீ. இப்ப நான் போகமாட்டேன்." பையைத் திறந்து அந்தப் புது ஜீன்ஸை எடுத்தாள். இரண்டு காலையும் முடிச்சுப் போட்டு, இடுப்புவரை ஈர மணலை அள்ளி நிரப்பினாள். கூடாரக் கயிற்றை அதில் கட்டி, குழி தோண்டிப் புதைத்தாள். கயிறு அசையவில்லை. பிறகு தலையணை உறைகள், என் இரண்டு பாவாடைகள், சீரோவின் பள்ளிப் பை எல்லாம் மண்ணுக்குள் போயின. மூன்று பேரும் நாய்கள்போலத் தோண்டினோம். கூடாரம் நின்றது, ஹொராசியோ.

போன குடும்பங்களில் இரண்டு திரும்பி வந்து அதையே செய்தன. "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று ஒர்மேன்யோ அம்மாள் கேட்டாள். "யாரும் சொல்லல, எங்கக்காவுக்குக் கோவம் வந்துச்சு" என்றான் சீரோ. மழை பெய்தால் பூசணி ரொட்டி பொரிப்பது அவர்கள் வழக்கமாம். எங்கள் கூடாரத்துக்குள் வைத்துத்தான் எல்லோரும் தின்றோம். மலேனா என் தோளில் சாய்ந்துகொண்டு தின்றாள். நான் அசையவே இல்லை.

நில்டா

லாஸ் எராஸ்
9 பிப்ரவரி 1997

அன்புள்ள நில்டா,

உன் கடிதத்தை இங்கே சாப்பாட்டுக் கொட்டகையில் சத்தமாகப் படித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். நான்தான் பாதியில் நிறுத்தி, மீதியைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். சிரித்த இடத்தில் நான் இல்லை, தோண்டிய இடத்திலும் நான் இல்லை.

மார்ச்சில் இங்கே கணக்கு முடித்துக்கொள்கிறேன். விருந்தாளியாக வந்து போவதைச் சொல்லவில்லை. வீட்டுக்கே வந்துவிடட்டுமா? உன் வார்த்தைக்குக் காத்திருக்கிறேன்.

உன்
ஹொராசியோ

சாபாலா
20 பிப்ரவரி 1997

ஹொராசியோ,

உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் டிக்கெட் சன்னலை மூடிவிட்டுப் படித்தேன். இரண்டு வருஷம் முன்னால் இந்தக் கேள்வி வந்திருந்தால், படித்து முடிப்பதற்குள் கதவைத் திறந்து வைத்திருப்பேன். இப்போது வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தேன், இந்த வீட்டில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அவ்வளவுதான்.

ஊருக்கு வா. வேலை தேடிக்கொள், பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொள். பிள்ளைகள் வேண்டும்போதெல்லாம் வருவார்கள்.

இன்னொன்று. அடுத்த ஜனவரியில் சீலோயே தீவுக்குப் போகிறோம், படகில் காரை ஏற்றிக்கொண்டு. மலேனா வரைபடத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டாள். நீயும் வரலாமா என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். "வரட்டும்" என்றான் சீரோ. "வரட்டும். ஆனா யோசனை சொல்லக் கூடாது" என்றாள் மலேனா. நானும் வா என்கிறேன். உனக்கென்று ஒரு சின்னக் கூடாரம் கொண்டு வா.

அதற்குள் மலேனாவுக்கு ஓட்டுநர் உரிமம் வந்துவிடும். நானும் அவளும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். உனக்குப் பின் சீட்டு. சீரோவுக்குக் கால் நீண்டுவிட்டது, கொஞ்சம் ஒடுங்கி உட்கார வேண்டியிருக்கும்.

நில்டா