முப்பது இடங்கள்

சாம் சுயி போ, ஹாங்காங்
ஜூன் 6, 1993

அன்புத் தங்கை சௌயினுக்கு,

அண்ணியும் நானும் நலம். பீஜிங்கில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நம் ஊர்த் தேர்தலைப் பற்றி சீனாவோடு நடக்கும் பேச்சுவார்த்தையில் பிரிட்டன் தரப்புக்கு மொழிபெயர்ப்பவள் என் தங்கை என்று நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் நாலு வருடத்தில் ஊர் பிரிட்டனிடமிருந்து சீனாவின் கைக்குப் போகிறது. அதற்குள் சட்டசபையின் அறுபது இடங்களுக்கும் மக்களே ஓட்டுப் போட வேண்டும் என்று தெருவில் கத்துகிறோம். உனக்கு மட்டும் சொல்கிறேன்: நேற்று மோக் பெரியவரின் மூலிகைத் தேநீர்க் கடையில் ஐந்து பேர் கூடினோம். "அறுபது எங்க குடுப்பானுங்க? முப்பது வந்தா வாங்கிட்டு வாயை மூடுங்கடா" என்றார் அவர். கடைசியில் எல்லோரும் தலையாட்டினோம். இது வெளியே தெரிந்தால் முப்பதுகூடக் கிடைக்காது.

உன் அண்ணன்,
கின்சாங்

*

சாம் சுயி போ
டிசம்பர் 5, 1993

அன்புத் தங்கைக்கு,

உன் கடைசி நான்கு கடிதங்களிலும் குளிரையும் முட்டைக்கோஸையும் தவிர ஒன்றுமில்லை. அண்ணன்மேல் என்ன கோபம்?

பேச்சு முறிந்ததை நீ அருகிலிருந்தே பார்த்திருப்பாய். முப்பது இடம் போதுமென்று எங்கள் ஆட்களே சொன்னதாகப் பேச்சுவார்த்தையில் அடிபட்டது என்று இங்கே ஒரு பத்திரிகை அச்சடித்துவிட்டது. விஷயம் தெரிந்தது ஐந்தே பேருக்கு. மோக் பெரியவரின் மகனுக்கு எல்லைக்கு அப்பால், சீனாவின் ஷென்ஜெனில் பொம்மைத் தொழிற்சாலை இருக்கிறது. கூட்டத்தில் நான்தான் எழுந்து கேட்டேன்: "மகனுக்காக எங்களை வித்துட்டீங்களா?" அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் கடைச் சுவரில் யாரோ 'துரோகி' என்று எழுதியிருந்தார்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

கின்சாங்

*

பீஜிங்
டிசம்பர் 14, 1993

அண்ணா,

சொன்னது நான்.

செப்டம்பரில் ஒரு மதிய உணவின்போது எங்கள் குழுவின் மூத்த அதிகாரி என்னிடம், "உங்க ஊர்க்காரங்க உண்மையில எவ்வளவு கிடைச்சா ஒத்துக்குவாங்க?" என்று கேட்டார். ஐந்து மாதமாக என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. அடுத்தவர் வாயாகவே இருந்து சலித்திருந்தேன். "முப்பது" என்றேன். யார் சொன்னது என்றார். "எங்க அண்ணன்" என்றேன், பெருமையாக.

மறுநாள் அவர் அதையே எதிர்த்தரப்பிடம் சொன்னார். அதைச் சீன மொழியில் சொல்ல வேண்டியவள் நான். சொன்னேன். ஒரு சொல்கூட மாற்றவில்லை. எதிரே இருந்தவர் குறித்துக்கொண்டு, "அப்ப இருபதுலயிருந்து பேசலாம்" என்றார். அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதன்பின் உனக்கு எழுத உட்கார்ந்தபோதெல்லாம் முட்டைக்கோஸ்தான் வந்தது. பெரியவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. வேலை போனால் போகட்டும்.

சௌயின்

*

சாம் சுயி போ
டிசம்பர் 27, 1993

சௌயின்,

கடிதத்தோடு பெரியவர் கடைக்குப் போனேன். சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார், எழுத்து இன்னும் தெரிகிறது. முழுவதையும் வாசித்துக் காட்டினேன். "பாவம், எழுதறதுக்குள்ள அந்தப் பொண்ணு எவ்வளவு பயந்திருக்கும்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "என்னைச் சந்தேகப்பட ஒண்ணும் தேவைப்படல. நம்பறதுக்கு மட்டும் கடுதாசி வேணுமா?" என்றார்.

மற்ற மூவருக்கும் வாசித்துக் காட்டிவிட்டேன். அவர்கள் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அடுத்த தேர்தலில் நிற்கச் சொல்லி என்னைக் கேட்டிருந்தார்கள், நிற்கப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டேன். ரகசியத்தை முதலில் வெளியே சொன்னவனே நான்; உன்னை மன்னிக்கும் இடத்தில் நான் இல்லை, தங்கையே. பிப்ரவரியில் சீனப் புத்தாண்டுக்கு வா. அண்ணி உன் கட்டிலைத் தயார் செய்து வைத்திருக்கிறாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் அந்தக் கடைக்குப் போகிறேன். இருபது வருடமாக "டேய் கின்சாங்" என்று கூப்பிட்டவர் இப்போது எழுந்து நின்று, "வாங்க சார், என்ன வேணும்?" என்று கேட்கிறார்.

கின்சாங்