மூடியைத் தூக்கிப் பார்த்தவன்

அலமேலு,

நான் வேலைக்குப் போகிறேன். மீன் சம்பால் மூடி வைத்திருக்கிறேன். சாவி பக்கத்து வீட்டு ருக்மணியக்காவிடம்.

மெர்டேக்கா சுதந்திர நாள் ஊர்வலத்தில் எடுத்த என் ஃபிலிமை நேற்று நீ கலக்கி வைத்த மருந்தில்தான் கழுவினேன். ஆமாம், உன் போத்தலைத் திருடினேன். மூட்டம் விழாமல் தடுக்கும் புரோமைடு போக இன்னும் எதையோ எனக்குத் தெரியாமல் சேர்க்கிறாய் என்று சண்டை போட்டேனே, அந்தச் சந்தேகம்தான். அதிலும் மூட்டம். ஊர்வலமே பனியில் நடந்த மாதிரி இருக்கிறது.

"நீங்க கொஞ்சம் சும்மா இருந்தா போதும்"னு நீ சொன்னபோது பற்றிக்கொண்டு வந்தது. உண்மைதான். ஹைப்போவில் போட்டுப் படம் நிலைக்கும்வரை எனக்குப் பொறுப்பதில்லை. சிவப்பு விளக்கைப் போட்டு, தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிடுகிறேன்; ஃபிலிமில் வெளிச்சம் பட்டுவிடுகிறது. நீ இருட்டில் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாய். உன் படம் கண்ணாடியாக வருகிறது. எனக்கு வயிறு எரிகிறது.

ஏகாம்பரம்

பி.கு. மருந்தைக் குளிர வைக்க ஐஸ் வாங்கி வாளியில் வைத்திருக்கிறேன். கரைவதற்குள் உன் ஃபிலிமைக் கழுவிவிடு.

இன்னொன்று. போட்டோ சங்கத்திலிருந்து உன் பேருக்குக் கடிதம் வந்திருக்கிறது. அதையும் பிரித்துப் பார்த்துவிட்டேன். தெங்கேராவில் நீ எடுத்த படத்துக்கு முதல் பரிசு. மூன்று தடவை படித்தேன், பரிசுப் பட்டியலில் என் பேர் எங்கேயும் இல்லை.