பேட்டரிக்குச் சம்மதம்

அன்பு மகள் பட்டுவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதிவிடலாம், ஆனால் நாலு வரி தள்ளி நீயே என் பொய்யைப் பிடித்துவிடுவாய், அதனால் அம்மா இப்போது பரவாயில்லை என்று மட்டும் எழுதுகிறேன். பதறாதே, முழுதும் படி. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீ அழ ஆரம்பித்தால் அப்புறம் நானும் அழுதுவிடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குக் கரண்ட் போனது. தெருமுனை மரத்தின் கிளை ஒடிந்து கம்பி மேல் விழுந்துவிட்டது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், மாடியில் பன்னிரண்டு சோலார் பேனலும் பளபளவென்று கிடக்கின்றன, கீழே அம்மாவின் ஆக்ஸிஜன் மெஷின் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிட்டது. தலைக்கு மேலே இவ்வளவு இருந்தும் கரண்ட் போனால் நம் வீடும் சேர்ந்து ஏன் அணைய வேண்டும் என்று நீ எத்தனை தடவை சண்டை போட்டிருப்பாய். தெருக் கம்பியில் கரண்ட் இல்லாதபோது பேனலும் தானாக நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் நம் கரண்ட் கம்பி வழியாக வெளியே போய்க் கம்பத்தில் இருப்பவனை அடித்துவிடும். முப்பத்தாறு வருஷம் கம்பம் ஏறின லைன்மேன் நான், பேனல் அப்படி நிற்பதைப் பார்த்துப் பெருமைப்பட்டவன். தெருக் கம்பியைத் துண்டித்துவிட்டு வீட்டுக்கு மட்டும் கொடுக்கத்தான் பேட்டரி இருக்கிறது என்று நீ சொன்னதற்கெல்லாம் பார்க்கலாம், பார்க்கலாம் என்றே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன். கரண்ட் ஆபீசில் எனக்கு ஆள் இருக்கிறது, ஒரு போன் போட்டால் வந்துவிடுவார்கள் என்ற திமிர் வேறு.

போன் போட்டேன், வந்தார்கள். ஆனால் கிளையை அறுத்து, கம்பி மாற்ற நேரமாகும் என்றார்கள். கையிருப்பு சிலிண்டரை மாட்டினேன், முக்கால் மணி நேரத்தில் அதன் முள் கீழே இறங்கிவிட்டது. வேறு சிலிண்டர் கொண்டுவருகிறவன் வழியில் மாட்டிக்கொண்டேன் என்கிறான். அம்மாவின் உதடு நிறம் மாறுகிறது பட்டு, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிறாள். எதிர்வீட்டு வெல்டர் ஓடிப்போய்த் தன் ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து பின்வாசலில் நிறுத்தினார். அங்கிருந்து படுக்கையறைக்கு எட்டுகிற மாதிரி நீள ஒயர் எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. என் பழைய டூல் பெட்டியைக் கவிழ்த்தேன், இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் ஒன்று வந்து விழுந்தது.

அது என்ன ஒயர் என்று உனக்குத் தெரியும். என்னோடு லைன்மேனாக இருந்த நெட்டை மாமா கம்பத்திலேயே கருகிப்போனது இப்படி ஒரு ஒயரால்தான், யாரோ வீட்டு ஜெனரேட்டரை சாக்கெட்டில் சொருகினார்கள், வீட்டைத் தெருக் கம்பியிலிருந்து பிரிக்கிற மெயின் சுவிட்சை இறக்கவில்லை. அடுத்த வருஷம் இன்னொரு வீட்டில் நான் இதைப் பிடுங்கிவந்து, புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் காட்டி, இதை எவன் வீட்டிலாவது பார்த்தால் செருப்பால் அடி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதே ஒயரைத்தான் எடுத்தேன். ஒரு முனையைப் பின்வாசல் சாக்கெட்டில் சொருகிவிட்டேன், மறுமுனையை ஜெனரேட்டரில் சொருகக் குனிந்தேன், வெல்டர் கயிற்றை இழுக்கத் தயாராக நிற்கிறார். மெயின் என்ற நினைப்பே எனக்கு இல்லை. உள்ளேயிருந்து அம்மா கட்டில் சட்டத்தை டொக் டொக்கென்று தட்டினாள். என்னமோ ஏதோ என்று ஓடினேன். வாய் அசைகிறது, சத்தம் இல்லை, காதைக் கொண்டுபோய் வைத்தேன். "மெயின இறக்கினீங்களா"ன்னு கேட்கிறாள்.

ஓடிப்போய் மெயினையும் சோலார் சுவிட்சையும் இறக்கினேன், அப்புறம்தான் ஜெனரேட்டர் ஓடியது, மெஷின் ஓடியது, பத்து நிமிஷத்தில் அம்மா முகம் தெளிந்தது. மூன்று மணி வாக்கில் வேலை முடிந்து, கம்பத்தில் இருந்த லைன்மேன் நம் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்க வந்தான். நான் வேலை கற்றுக்கொடுத்தவன்தான். "அண்ணே, அண்ணிக்கு எப்படி இருக்கு, சீக்கிரம் முடிக்கணும்னு நாங்க சாப்பிடக்கூடப் போகலண்ணே" என்றான். சொம்பைக் கொடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் சமையல்கட்டுக்குப் போய் நின்றுகொண்டேன்.

இவ்வளவு நாள் ஏன் பேட்டரி வேண்டாம் என்றேன் என்று உனக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திமிர் பாதிதான். பேட்டரி வைத்துவிட்டால் அம்மாவுக்கு இனி இந்த மெஷின் இல்லாமல் ஆகாது என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று பயந்தேன். மெஷினை இரண்டு மாதத்தில் கழற்றிவிடலாம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பேனல் மாட்டிய இன்ஜினீயர் பெண்ணை வரவழைத்துப் பேசிவிட்டேன். மெஷினும் ஒரு ஃபேனும் ஒரு லைட்டும் எட்டு மணி நேரம் தாங்குமாம், கரண்ட் போன நொடியில் தெருக் கம்பியிலிருந்து வீடு தானாகப் பிரிந்துவிடுமாம். மாட்டியதும் டெஸ்டரை என் கையில் கொடு, நானே பார்த்தால்தான் கையெழுத்து என்று சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே சரி என்றாள். பத்து வருஷம் உழைக்கும் என்று அவள் சொன்னதும் அம்மா, "எனக்கெதுக்கும்மா பத்து வருஷத்துச் சாமான்" என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நீ அவசரப்பட்டு டிக்கெட் போடாதே, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும். மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். போனில் அம்மாவைப் பேசச் சொல்லித் தொந்தரவு செய்யாதே, நீ பேசு, அவள் கேட்டுக்கொள்வாள். மூச்சே இல்லாத நேரத்தில் அவளுக்கு வந்தது இரண்டு வார்த்தைதான், அதையும் கம்பத்தில் இருந்த யாரோ பெற்ற பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம். வியாழக்கிழமை பேட்டரி மாட்ட வருகிறார்கள். வேலை ஆரம்பிக்கும் முன் மெயினை இறக்க வேண்டும், அதைத் தானே எழுந்து வந்து இறக்குவேன் என்கிறாள் அம்மா, "உங்க அப்பாவ நம்ப முடியாதுன்னு எழுதுங்க" என்றாள், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா