பூதக்கண்ணாடிக்கு நான் எழுதிக் கொடுத்த வரி

என் சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் இடது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே, அது இந்த வாரம் யார் பேச்சையும் கேட்கிற மாதிரி இல்லை. நீ சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன், முடிக்கும்போதும் அதையேதான் நினைப்பேன், நடுவில் வருவதைப் படிக்கும்போது இதை மறந்துவிடாதே. அக்கா பெண்ணுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அதைத் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் திறந்து காட்டுகிறாள், தபால்காரரையும் விடவில்லை. அந்தத் தபால்காரர் அன்று கொடுத்துவிட்டுப் போன கடிதத்தைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம், ஆனால் நீ நாலு தடவை "சரிம்மா, சரிம்மா" என்றால் நான் கரைந்துவிடுவேன், அது உனக்கும் தெரியும், அதனால்தான் விரைவுத் தபால்.

கடிதம் உன் கண் ஆஸ்பத்திரியிலிருந்து நம் பட்டறை விலாசத்துக்கு வந்தது. நீ சேர்ந்து ஆறு மாதம் ஆகிவிட்டதாம், வேலையை நிரந்தரம் ஆக்குவதற்கு முன் விசாரிக்கிறார்களாம். இவர் உங்கள் பட்டறையில் மூன்று வருடம் மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் வேலை பார்த்தது உண்மையா, இத்துடன் வைத்திருக்கும் சான்றிதழ் நீங்கள் கொடுத்ததுதானா, பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இருபது நாளுக்குள் அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நீ எங்களிடம் சொன்னது அங்கே ஆபீஸ் வேலை என்று. லீவு நாளில் வந்து மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றியதையும் தேய்த்த லென்ஸைத் துணியால் துடைத்ததையும் தவிர நீ நம் பட்டறையில் என்ன வேலை பார்த்தாய் என்று நானும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். சான்றிதழைப் பிரித்தால் பட்டறைப் பெயர் அச்சடித்த தாள், பட்டறை முத்திரை, கீழே என் கையெழுத்து, அதை என்னைவிட அழகாகப் போட்டிருக்கிறாய். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, நேரம் தவறாதவர் என்று எழுதியிருந்ததே, தினமும் உன் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியவள் அதை எப்படிச் சிரிக்காமல் படிப்பாள். அதற்கு அடுத்த வரி, லென்ஸ் ஒரு மயிரிழை பிசகினாலும் யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்பே தானே வந்து சொல்லிவிட்டு மறுபடி செய்து தருவார் என்று இருந்தது. அந்த வரி என்னுடையது. உனக்காக எழுதியது இல்லை.

நம் பூதக்கண்ணாடிக்காக எழுதினேன். எட்டு வருடமாக என் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறவள், எதையும் கண்ணுக்கு ஒரு விரல் தூரத்தில் பிடித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள் என்று நீதானே அவளுக்கு அந்தப் பெயரை வைத்தாய். அந்த ஆஸ்பத்திரி விளம்பரத்தைப் பேப்பரிலிருந்து கத்தரித்துக்கொண்டு வந்து, எனக்கு ஒரு சான்றிதழ் தருவீங்களா என்று வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டாள். நான் கையால் எழுதினேன், கம்ப்யூட்டரில் அடிக்க உன்னை உட்கார வைத்தேன். அவள் பேரை எடுத்துவிட்டு உன் பேரைப் போட்டிருக்கிறாய், எட்டை மூன்றாக்கியிருக்கிறாய், மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. அவளுக்கு இடம் நிரம்பிவிட்டது என்று பதில் வந்தது. அதே ஆஸ்பத்திரிதானே தம்பி என்று அவள் கேட்டபோது, அது வேற பிரிவு, அக்கா என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய், நானும் அங்கேதான் நின்றிருந்தேன். நீ ஊருக்குக் கிளம்பியபோது உன் பெட்டிக்குக் கயிறு கட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

இரண்டு நாள் அழுதேன். அப்பா, ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலை, புள்ள எங்கேயோ போய் காலூன்றிட்டான், நீயே அவனைப் பிடிச்சு இழுக்காதே என்கிறார். அக்கா, ஆறு மாசத்துல வேலையக் கத்துக்கிட்டானே, இப்ப யாருக்கும்மா நஷ்டம் என்று கேட்கிறாள், கேட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பூதக்கண்ணாடியின் முதுகைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். நானும் பிசகியவள்தான். பாட்டு வாத்தியாருக்கு வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிக் கொடுத்து, அவர் மாடிப்படியில் தடுமாறி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். அது எனக்குத் தெரியாமல் நடந்தது, தெரிந்த அன்றே அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன், அவர் திட்டினார், வாங்கிக்கொண்டேன். உன்னுடையது அப்படி இல்லையடா. ஒவ்வொரு எழுத்தாகத் தெரிந்துதான் அடித்தாய், படிக்கிறவர் நம்ப வேண்டும் என்று அடித்தாய், இன்னொருத்திக்குப் போக வேண்டிய இடம் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று அடித்தாய். இதற்குப் பேர் மோசடி. அந்த வார்த்தையைப் பெற்ற பிள்ளையைப் பார்த்துச் சொல்லாதே என்று அப்பா கோபப்படுகிறார், ஆனால் வேறு வார்த்தை போட்டு எழுதினால் நானும் உன்னோடு சேர்ந்து ஏமாற்றுகிறேன் என்றுதான் அர்த்தம். இதுவரை நீ போட்டது என் பொய்க் கையெழுத்து, இப்போது நான் ஆமாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது நிஜக் கையெழுத்து, அதைப் போடமாட்டேன்.

வியாழக்கிழமை பூதக்கண்ணாடியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த லென்ஸைத் தேய்த்து முடித்தாள், இரண்டு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பிரேமில் மாட்டினாள். அதற்கப்புறம்தான், அவனையே சொல்லச் சொல்லுங்க, நீங்க முந்திக்கிட்டா அவனுக்குன்னு ஒண்ணும் மிஞ்சாது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் பதிலை நான் அன்றைக்கே அனுப்பிவிடத்தான் இருந்தேன். உனக்குக் கிடைத்திருக்கும் நாட்கள் அவள் கொடுத்தவை, நான் கொடுத்தவை இல்லை.

ஆகவே முடிவைச் சொல்கிறேன். பதில் எழுதியாயிற்று, இல்லை, இவர் இங்கே வேலை பார்த்ததில்லை, சான்றிதழ் நான் கொடுத்ததில்லை என்று இரண்டே வரி. அடுத்த வாரம் விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தபாலில் சேர்ப்பேன், அப்பா சாப்பிடாமல் கிடந்தாலும் சேர்ப்பேன். அதற்குள் நீ உன் மேலதிகாரியிடம் நேரில் போய்ச் சொல்லிவிடு, மெயிலில் எழுதிவிட்டு ஒளிந்துகொள்ளாதே. பூதக்கண்ணாடி அனுப்பிய எட்டு வருடச் சான்றிதழ் ஒன்று அவர்களிடம் வந்து கிடக்கிறது, அது நிஜம் என்பதையும் சேர்த்துச் சொல். வேலை போகலாம், போகும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. போனால் வீட்டுக்கு வா, யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேன், நான் மட்டும் தினமும் சொல்வேன். மூலையிலிருக்கும் பழைய மெஷினுக்கு பெல்ட் மாற்றினால் ஓடும், மூன்று வருடம் உட்கார்ந்து தேய், சான்றிதழை நானே எழுதித் தருகிறேன்.

இந்தச் செய்தியோடு வெறும் வயிற்றில் ஆஸ்பத்திரிக்குப் போகாதே, காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ, தலையை நன்றாகத் துவட்டு, அங்கே குளிர் என்றாயே. எங்கே இருந்தாலும் நல்லா இரு, தலைநிமிர்ந்து இரு, உன்மேல் எனக்குக் கோபம்தான், பாசம் அதைவிட அதிகம், அதனால்தான் விடமாட்டேன் என்கிறேன். மறந்துவிடாதே, திங்கட்கிழமை, பத்து மணி. என் பதிலில் அந்த இரண்டு வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறேன். அதற்குள் நீயே போய்ச் சொல்லிவிட்டாய் என்று தெரிந்தால், பிசகினால் தானே வந்து சொல்லிவிடுவார் என்ற அந்த வரியை உன் பேர் போட்டு என் கையாலேயே அங்கே எழுதுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
(இந்தக் கையெழுத்தை நான்தான் போட்டேன்)