வந்து சேர்ந்ததற்கு ஒரு றிங்

அக்கா,

உங்கள் போன் என் மேசையில், மடித்த துவாயின் மேல் கிடக்கிறது. பின்மூடி கழன்று விழாமல் இருக்க நீங்கள் மாட்டிய றப்பர் வளையம் இன்னும் அப்படியே இருக்கிறது. பொத்தான்களில் பாதி தேய்ந்து இலக்கமே தெரியாது. மூக்கருகே கொண்டுபோனால், நீங்கள் நெற்றியில் பூசும் தைலத்தின் வாசம் மெல்லியதாக வருகிறது. மத்தியானத்திலிருந்து இதன் முன்னால் கதிரையைப் போட்டு இருக்கிறேன். எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்து றிங் அடித்துவிட்டார்கள். பரீதா மட்டும் இன்னும் அடிக்கவில்லை.

சும்மா போனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதத் தொடங்கினேன்.

சீனன்குடாவுக்கு இப்பால், கண்டல் மரங்களுக்கு நடுவால் மட்டி எடுக்கப் போகும் பாதையை அடைத்துக் கம்பனி போட்ட வேலி இன்னும் நிற்கிறது. நீங்கள் போன பிறகு கம்பனிக்காரர் கேற்றுக்குப் புதுப் பூட்டும் போட்டுவிட்டார்கள். முன்பு கடல் வற்றத் தொடங்கியதும் கூடையோடு இறங்கிய பெண்கள், இப்போது ஊரைச் சுற்றி நடக்க வேண்டும். போய்ச் சேரும்போது தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கிவிடுகிறது. மட்டி சேற்றுக்குள்ளே இருக்கிறது, இவர்கள் கரையில் நிற்கிறார்கள். இன்று காலையில் எல்லாரும் வெறுங்கூடைகளோடு போய் அந்தக் கேற்றடியில் இருந்தார்கள். முன்னுக்கு இருந்து பேசியது பரீதா.

உங்களுக்கு அவளை நினைவிருக்கும். கிண்ணியாப் பிள்ளை. கூட்டங்களில் கடைசி வரிசையில், முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்தபடி இருப்பாள். அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் உங்கள் கையில்தான் பிறந்தார்கள். போன மாதம் யார் முன்னால் நின்று பேசுவது என்ற கதை வந்தபோது எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் நோப் பிடித்த என் முழங்காலைப் பார்த்தேன். அப்போது அவள் எழும்பி, "என்ட கால் நடந்த பாதை. நான்தான் கேக்கோணும்" என்றாள். எல்லாரும் கை தட்டினோம். அந்தக் கைதட்டலில் என் கையும் இருந்தது.

நீங்கள் இருந்தபோது இந்தக் காத்திருப்பு உங்களுடையது. நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தருபவள். வேலைகளை நீங்கள் முதல் நாளே பிரித்துவிட்டீர்கள். மருத்துவிச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் ரோசாச் செடி வைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. "அம்மா, எங்கட பாதையை அடைச்சுப்போட்டாங்கள்" என்று பெண்கள் உங்கள் வாசலுக்கு வந்தார்கள். நீங்கள் நேரே அன்புவழிபுரத்துக்கு வந்து என் கதவைத் தட்டினீர்கள். "ரீச்சர், உங்களுக்கு எழுத்துத் தெரியும். எனக்கு வீடுகள் தெரியும். வாங்கோ" என்றீர்கள். ரோசாச் செடி வைத்த நினைவு எனக்கில்லை.

முதல் கூட்டம் புளிய மரத்தடியில் நடந்தது. முடிந்து எல்லாரும் பாவாடை மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பும்போது நீங்கள் சொன்னீர்கள்: "வீட்ட போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு றிங் தாங்கோ. ஒருக்கா அடிச்சிட்டு நிப்பாட்டுங்கோ. நான் எடுக்கமாட்டன். விடாமல் அடிச்சால் மட்டும்தான் எடுப்பன்."

பகிடிக்காரி புஷ்பம் சும்மா இருப்பாளா? "அம்மா, நாங்கள் என்ன சின்னப் பிள்ளையளோ?"

"சின்னப் பிள்ளையளெண்டால் கையில பிடிச்சுக்கொண்டு வந்து விட்டிருப்பனே."

அன்று பின்னேரமே நடந்ததை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதுவரை உங்கள் போனில் ஒரு றிங் என்றால் ஒரே அர்த்தம்தான்: யாருக்கோ வலி கண்டுவிட்டது, ஓடி வாருங்கள். கதிரையில் கண்ணயர்ந்திருந்த நீங்கள், புஷ்பத்தின் இலக்கத்திலிருந்து ஒரு றிங் கேட்டதும் பழைய பையையும் குடையையும் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் பாய்ந்துவிட்டீர்கள். பையோடு வாசலில் நின்ற உங்களைக் கண்ட புஷ்பம் வாயில் கை வைத்தாளாம். "ஐயோ அம்மா! என்ர கடைசி மகள் ஏ.எல். சோதினை எழுதப் போறாள். எனக்கு இந்த வயசிலயோ?" நீங்கள் அசையவில்லையாம். "வந்ததுக்கு ஒரு தேத்தண்ணியாவது ஊத்து" என்று உள்ளே போய் இருந்துவிட்டீர்களாம்.

அதற்குப் பிறகுதான் அந்த ஒரு றிங்கின் அர்த்தம் உங்களுக்குள் மாறியது. வா என்றது, வந்துவிட்டேன் என்று ஆனது.

இப்போதுதான் புஷ்பம் வந்துவிட்டுப் போனாள். அவள் வீடு போய்ச் சேர்ந்து, றிங்கும் விட்டு, பிறகு பரீதா இன்னும் அடிக்கவில்லை என்று அறிந்து மனம் பொறுக்காமல் வந்திருக்கிறாள். காலையில் சண்டை சச்சரவு ஒன்றும் இல்லையாம். வெயில் ஏறியதும் எழும்பிக் கலைந்துவிட்டார்களாம். "ஆனா ரீச்சர், அந்த வெள்ளைச் சேட்டுக்காரன் இண்டைக்கும் வந்தவன். எங்களையெல்லாம் ஒருக்காத்தான் படம் எடுத்தவன். பரீதாவைத் திருப்பித் திருப்பி எடுத்தவன்." பரீதா கிண்ணியா பஸ்ஸுக்குத் தனியாகத்தான் நடந்து போனாளாம். "நான் கூடப் போயிருக்கோணும்" என்று நாலைந்து தரம் சொன்னாள். இன்றைக்கு அவள் ஒரு பகிடிகூட விடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளைச் சேட்டுக்காரரை நீங்கள் நடத்திய விதத்தைப் புஷ்பத்துக்கு நினைவுபடுத்தினேன். எங்கள் கூட்டம் எங்கே நடந்தாலும் கொஞ்சம் தள்ளி, மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி நிற்பார். யார், எந்தக் கந்தோர் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஒருநாள் நீங்கள் உங்கள் ஆஸ்பத்திரிச் சிங்களத்தையும் தமிழையும் கலந்து, "தம்பி, வெயிலுக்க நிக்காமல் இதில வந்து இருங்கோ" என்று கூப்பிட்டு, தேத்தண்ணியும் கொடுத்தீர்கள். போகும்போது உங்கள் இலக்கத்தையும் சொன்னீர்கள். "நீங்களும் வீட்ட போய்ச் சேர்ந்து ஒரு றிங் தாங்கோ. பெத்தவ பாத்துக்கொண்டிருப்பா." அவர் காது சிவந்ததை நான் கண்டேன்.

"அக்கா, உங்களுக்குப் பயமில்லையோ?" என்று வழியில் கேட்டேன்.

"இருக்கு ரீச்சர். இல்லாமல் இருக்குமோ? பயம் இருக்கிறபடியால்தானே நம்பர் குடுத்தனான்."

அன்று பின்னேரம் தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து ஒரு றிங் வந்து நின்றது. நீங்கள் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தீர்கள். "ஆரோ வந்து சேர்ந்திட்டினம்" என்றீர்கள். அவ்வளவுதான்.

ஆனால் அக்கா, இப்போது வருபவர் அவரில்லை. சேட்டு வெள்ளைதான், ஆள் புதிது. இவருக்கு இன்னும் யாரும் தேத்தண்ணி கொடுக்கவில்லை. கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

பரீதாவின் இலக்கத்துக்கு நானே கோல் எடுத்துப் பார்த்தேன். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் மரியாதையாகச் சொல்கிறது. அவளுடைய உம்மாவுக்கு எடுக்கலாம். எடுத்தால் இங்கே இருக்கும் பயத்தை அங்கேயும் கொண்டுபோய் வைத்ததாகிவிடும். பற்றரி இறங்கியிருக்கலாம். பஸ் பழுதாகியிருக்கலாம். சந்தையில் நிற்கலாம். நல்ல காரணங்கள் எத்தனையோ தெரியும். ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன், நீங்கள் சிரிக்காதீர்கள். "ரீச்சர் உதாரணம் சொல்லத் தொடங்கினால் உலை கொதிச்சு அடங்கிவிடும்" என்பீர்கள். முன்பு வகுப்புப் பிள்ளைகளைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போவோம். திரும்ப பஸ்ஸில் ஏற்றி எண்ணும்போது எல்லாரும் இருந்தால், யார் யார் இருக்கிறார்கள் என்றே கவனிக்கமாட்டேன். ஒரு பிள்ளை குறைந்தால் போதும், பஸ் நிறைந்த அத்தனை முகங்களும் மறைந்து, இல்லாத அந்த ஒரு முகம் மட்டும் கண்முன் நிற்கும். கிணற்றடியில் செருப்புத் தேடிக்கொண்டு நின்ற பிள்ளையைக் கண்டுபிடித்த பிறகும் அன்று முழுக்கத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருப்பேன். என் பிள்ளைகளைக் கிணற்றடியில் தேடினால் போதும். பரீதாவை எங்கே போய்த் தேடுவது?

உங்கள் தம்பியை எங்கே போய்த் தேடினீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீங்களாகவே ஒரே ஒரு தரம் சொன்னீர்கள். மனுக் கொடுத்துவிட்டுக் கந்தோரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, வெளியே பார்த்தபடி. சண்டைக் காலத்தில் குளிக்கச் சவர்க்காரம் வாங்கக் கடைக்குப் போனவர். தலையில் எண்ணெய் வைத்தபடி போனவர். நீங்கள் முற்றத்தில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள்.

"செத்துப்போனான் எண்டு தெரிஞ்சால் அழுது முடிச்சிருப்பன், ரீச்சர். வந்து சேருவானோ மாட்டானோ எண்டு தெரியாததை வைச்சுக்கொண்டு இருக்க ஏலாது."

மறுநாள் கூட்டத்தில் வழமைபோல, "வீட்ட போய் ஒரு றிங் தாங்கோ" என்றீர்கள். அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் வேறு மாதிரித்தான் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் என்னிடம் சொன்னதும் போனைப் பற்றித்தான். "சார்ச்சில போடுங்கோ, ரீச்சர்." சீனி வருத்தத்தில் பார்வை மங்கிக் கிடந்த நேரத்திலும் கை தலையணைக்கடியில் போனைத் தேடிக்கொண்டே இருந்தது.

உங்களை அடக்கம் செய்த நாளைச் சொல்லவேண்டும். சேமக்காலையில் எல்லாரும் இருந்தார்கள். கிண்ணியாவிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். சுவாமி செபம் சொல்லி முடித்து, மண் போட்டு, எல்லாரும் கலைந்த பிறகு நான் இங்கே வந்து இதே கதிரையில் இருந்தேன். போன் என் கைப்பைக்குள் கிடந்தது. ஒரு றிங் அடித்து நின்றது. புஷ்பம். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. யாரும் பேசி வைத்துச் செய்யவில்லை. பழக்கத்தில் விரல் போய்விட்டது என்று பிறகு ஆளாளுக்குச் சொன்னார்கள். பெயரில்லாத அந்தப் பழைய இலக்கமும் ஒரு தரம் அடித்தது. எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அக்கா. நான் ஒன்றையும் எடுக்கவில்லை. அப்படித்தான் இது என்னிடம் வந்தது. யாரும் தரவில்லை. அடித்தது, நான் பக்கத்தில் இருந்தேன்.

இந்த இடத்தில் பேனையை வைக்கவேண்டி வந்தது. போன் அடித்தது.

பரீதாவின் இலக்கம்தான். ஒரு றிங். நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. இரண்டாவதும் அடித்தது. மூன்றாவதில்தான் என் கை போனது.

"ரீச்சர், நான் பரீதா."

"எங்க பிள்ளை நிக்கிறீங்கள்?"

"பொலிஸ் வாசல்ல. இப்பதான் வெளியில வந்தன். பஸ்ஸுக்கு நிக்கக்குள்ள வந்து, ஒரு வாக்குமூலம் எண்டு கூட்டிட்டுப் போனாங்க. போனை வாங்கி நிப்பாட்டி மேசையில வெச்சிட்டாங்க. எனக்கு அடிக்கல்ல, ஒண்டும் செய்யல்ல. கேட்டதையே கேட்டாங்க. ஆரு உங்கள அனுப்பினது, மனுவ ஆரு எழுதித் தந்தது எண்டு."

"என்ன சொன்னீங்கள்?"

"என்ட கால்தான் அனுப்பினது எண்டன்." சிரிக்கப் பார்த்தாள். "நாளைக்கும் வரட்டாம், ரீச்சர். தனிய வரமாட்டன், பெரியவங்க ஆரையும் கூட்டிட்டுத்தான் வருவன் எண்டு சொல்லிட்டன்."

"ஆரைச் சொன்னீங்கள்?"

"மிட்வைஃப் அம்மா இருந்தா அவங்களைச் சொல்லியிருப்பன்."

அவள் என்னைக் கேட்கவில்லை, அக்கா. கேட்கக்கூடாது என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னாள். ஆரு எழுதித் தந்தது என்று அவர்கள் கேட்டதற்கு விடை நான்தான் என்பது அவளுக்கும் தெரியும். அதை அவள் அங்கே சொல்லவில்லை.

"நான் வாறன்" என்றேன்.

"உங்கட முழங்கால்?"

"அதையும் கூட்டிக்கொண்டு வாறன்."

இந்த முறை உண்மையாகவே சிரித்தாள். "பஸ் வருது ரீச்சர். ஊட்டுக்குப் போய் றிங் தாறன்" என்று வைத்தாள்.

பஸ் பாலம் தாண்டி அவள் இறங்கி நடக்கும் நேரம் வரை விளக்கையும் போடாமல் இருந்தேன். முற்றத்தில் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. போன் ஒரு தரம் அடித்தது. நின்றது. பிறகு அடிக்கவில்லை. அடிக்காமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன்.

நாளை என்ன கேட்பார்கள் என்று தெரியாது. எழுதித் தந்தது நான்தான் என்று சொல்லப் போகிறேன். அதைச் சொல்லும்போது நா ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். உங்கள் பழைய பையைத்தான் கொண்டுபோகிறேன். முழங்கால் நோவுக்கான குளிசையும் மாற்றுச் சேலையும் வைத்துவிட்டேன். பயமில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல முடியாது. பயம் இருக்கிறபடியால்தான் பையை நேரத்தோடு அடுக்கினேன்.

போனைப் புஷ்பத்திடம் கொடுக்கிறேன். சார்ச்சில் போடச் சொல்வேன். இத்தனை நாளும் மற்றவர்களின் றிங்கை எண்ணிக்கொண்டிருந்தவள் நான். நாளைக்கு நானும் பரீதாவும் திரும்பி வந்து கதவைத் திறந்ததும், உங்கள் இலக்கத்துக்கு நான் அடிக்க வேண்டும்.

ஒருக்காத்தான் அடிப்பன். எடுக்காதேங்கோ, அக்கா.