ஓய்வு என்று ஒரு கட்டம்

பிப்ரவரி 9, ஞாயிறு

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அம்மா இதைத் திறக்க மாட்டாள். என் மதிப்பெண்ணைப் பார்த்தால் யாருக்குமே திறக்கத் தோன்றாது.

இன்று சபையில் ஞானஸ்நானம். மேடைப் பலகைகளைத் தூக்கிவிட்டு, அடியிலிருக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். நான் துண்டோடு படியில் நின்றேன். போதகர் என்பதால் அப்பாதான் இறங்கினார். ஞானஸ்நானம் பெற வந்த அக்காவின் தலையைத் தாங்கித் தண்ணீருக்குள் சாய்த்தார். தூக்கவில்லை. எதையோ தேடுகிற மாதிரி அப்படியே நின்றார். அக்காவின் கை தண்ணீரை அடித்தது. அப்பாவின் சிநேகிதர் தையல் மாமா ஷூவோடு குதித்து அவளைத் தூக்கிவிட்டார்.

"மாமாவுக்கு ரெண்டாவது முழுக்கு! முழுக்கு ஒரு தடவைதானே, நம்ம சபையில இது செல்லாதே!" என்று பின்னால் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

"நேத்து தொட்டியில என்னப்பா ஆச்சு?"

"எந்தத் தொட்டி?" என்றார்.

விளையாடுகிறாரா? அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

மண்டலச் சங்கத்திலிருந்து வருடாந்தரப் படிவம் வந்திருக்கிறது. சுற்றுவட்டாரத்து பாப்டிஸ்ட் சபைகள் எல்லாம் சேர்ந்து நடத்துகிற சங்கம். அது நமக்கு மேலதிகாரி இல்லை என்று அப்பா அடிக்கடி சொல்வார். "அவங்க உத்தரவு போட முடியாது. நாம கூப்பிட்டாத்தான் வரணும்." அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. 'என்ன உதவி தேவை?' என்ற பக்கத்தில் வருடா வருடம் குறுக்கே ஒரு கோடு இழுத்து அனுப்பிவிடுவார்.

இந்த வருடம் கை நடுங்குகிறது என்று என்னை நிரப்பச் சொன்னார். கையெழுத்தை மட்டும் முதலிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார்.

கூரைப் பழுது. ஞாயிறு பள்ளி ஆசிரியர் பயிற்சி. வாலிபர் முகாம். கடைசிக் கட்டம் – போதகர் ஓய்வு.

அம்மா அடுப்படியில் தினமும் புலம்புவது இதைத்தானே? "இந்த மனுஷனுக்கு ஒரு மாசம் ஓய்வு கெடைச்சாப் போதும், எல்லாம் சரியாப் போயிடும்."

நான் கோடு இழுக்கவில்லை. அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன்.

தையல் மாமாதான் சபைச் செயலர். சபை முத்திரை அவர் தையல் கடையில் இருக்கும். கொண்டுபோய்க் கொடுத்தேன். படிவத்தை ரொம்ப நேரம் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று. ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

யாருக்கும் சொல்லவில்லை.

பிப்ரவரி 20

பதில் இல்லை. வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

மார்ச் 11, செவ்வாய்

எப்படி எழுதுவேன்.

பள்ளி விட்டு வந்தால் கூடத்தில் சங்கத்தின் மண்டலச் செயலர் அம்மா. மடியில் ஒரு கோப்பு. எதிரே அப்பா, தையல் மாமா.

"ரொம்ப நிதானமா முடிவெடுத்திருக்கீங்க ஐயா. புதுப் போதகர் கெடைக்கிற வரைக்கும் ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துக்கு நாங்க ஆள் அனுப்பறோம். சபை வீட்டைக் காலி பண்ண ஆறு மாசம் இருக்கு, அவசரமே இல்ல."

"யாரு காலி பண்றா?" என்றார் அப்பா.

"நீங்க ஓய்வு பெறப் போறதா எழுதியிருக்கீங்களே. உங்க கையெழுத்துதானே இது?"

ஐயோ. நான் நினைத்தது கொஞ்ச நாள் படுத்துத் தூங்குகிற ஓய்வு. அது வேலையை விட்டுப் போகிற ஓய்வு.

அப்பா மாமாவிடம் திரும்பினார். "முத்திரை உன்கிட்டதான இருக்கு? இருபது வருஷம் கூடவே இருந்து குழி பறிச்சியா?"

மாமா என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ. நான் சுவரைப் பார்த்தேன்.

"நான்தான் டிக் போட்டேன் பாஸ்டர். மன்னிச்சுக்குங்க," என்றார்.

"இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே."

செயலர் அம்மா கோப்பை மூடினார். ஞாயிறு சபை கூடட்டும், சபை சொல்வதுதான் முடிவு என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவே இல்லை.

மார்ச் 13, வியாழன்

கடைக்குப் போனேன். ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். தையல் மிஷினை நிறுத்தாமலேயே பேசினார்.

"முதல்ல நானே உங்கப்பா எழுதினதுன்னுதான் நெனச்சேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேன்னு மனசு கஷ்டமாப் போச்சு. அன்னிக்கு உன் முழியைப் பார்த்ததும் புரிஞ்சிடுச்சு."

"நான் சொல்லிடறேன் மாமா."

"என் மேல கோவம்னா அவரு தாங்கிப்பாரு. நீன்னு தெரிஞ்சா உடைஞ்சிடுவாரு. போ, போய்ப் படி. கணக்குல முட்டை வாங்கறவளுக்கு டிக் போட்ற வேலை எதுக்கு?"

சிரிக்கத்தான் சொன்னார். தெரு முழுக்க அழுதுகொண்டு வந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து சபை கூடியது. ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத்தான் ஓட்டு. போன வருடம் நான் பெற்றதால் எனக்கும் உண்டு. செயலர் அம்மா, "சங்கத்துக்கு இங்க ஓட்டு கெடையாது," என்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

தையல் மாமாவைச் சபைச் செயலர் பொறுப்பிலிருந்து நீக்குவதுதான் முதல் பேச்சு. அப்பாவே கேட்டிருந்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை.

"மாமா இல்ல. நான். ஓய்வுன்னா... அப்பா தூங்கணும்னு நெனச்சேன். தண்ணியில அந்த அக்காவைத் தூக்க மறந்துட்டாரு. மறுநாள் கேட்டா தொட்டியே ஞாபகம் இல்லைங்கறாரு. எனக்குப் பயமா இருந்துச்சு."

செயலர் அம்மா எழுந்தார். "அப்படின்னா சபை எங்களைக் கூப்பிடலை. கூப்பிடாம நாங்க வரக்கூடாது. நான் கெளம்பறேன்."

"உக்காருங்கம்மா." அப்பாவின் குரல். தொட்டியின் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு செத்திருந்தா?" என்றார். "சங்கத்தைக் கூப்பிடலாம்னு நெனக்கிறவங்க கையைத் தூக்குங்க."

முதல் கை அவருடையது. பிறகு அந்த அக்கா. பிறகு அம்மா. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு தூக்கினார்.

நான் தூக்கவில்லை. முடியவில்லை.

மார்ச் 29, சனி

செயலர் அம்மாவே நேரம் வாங்கி எங்களை ஞாபகமறதி டாக்டரிடம் கூட்டிப்போனார். அங்கிருந்த நான்கு மணி நேரமும் அப்பா என் அம்மாவின் கையை விடவில்லை. டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

அப்பா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சங்கம் அனுப்பிய போதகர் இன்று பிரசங்கம் செய்தார். அப்பா எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார், மாமாவுக்கும் எனக்கும் நடுவில். பிறந்ததிலிருந்து ஆராதனையில் நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை.

முடிந்ததும் வழக்கம்போல வாசலுக்கு விரைந்தார். அங்கே அந்தப் போதகர் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். அப்பா பாதியில் நின்றுவிட்டார்.

"நான் எங்கம்மா நிக்கணும்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"எனக்குப் பின்னால வாங்கப்பா," என்றேன். வரிசையில் நின்றோம்.